கொழும்பிலிருந்து காட்டுக்குக் களப்பணி போகும் மாணவர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கொழும்பில் தாவரவியல், புவியியல், சுற்றாடல் விஞ்ஞானம் படிக்கும் மாணவர் முதல் தடவை காட்டில் அளக்கப் போகும்போது ஆண்டுதோறும் ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதி, பதில்களைச் சேர்த்திருக்கிறோம். அடுத்த ஆண்டு இன்னொரு குழு அதே இடத்துக்குப் போய் அதே மரத்தைக் கண்டுபிடித்துத் திரும்ப அளக்க முடியவேண்டும். முடியாவிட்டால் நீங்கள் எடுத்த தரவு உங்கள் புள்ளிகளுக்கு மட்டும்தான் உதவும், காட்டுக்கு உதவாது. கீழே உள்ள பதில்கள் எல்லாம் இதை வைத்தே எழுதப்பட்டவை.

கொழும்பில எங்க காடு இருக்கு? சிங்கராஜாவுக்குத்தான் போகோணுமா?

போகத் தேவையில்லை. மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில் லபுகம, களட்டுவாவ நீர்த்தேக்கங்களைச் சுற்றி நல்ல தாழ்நில மழைக்காடு இருக்கிறது. களனிவெளி ரயிலில் பாதுக்க அல்லது வக நிலையத்தில் இறங்கிப் போகலாம். லபுகம நீர்த்தேக்கம் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கொழும்புக்குக் குடிநீர் கொடுக்கக் கட்டப்பட்டது. தண்ணீருக்காக நீரேந்து பகுதியைக் காத்தபடியால் காடும் தப்பியது. அதே பக்கத்தில் இந்திக்கட முகலான என்ற காடும் இருக்கிறது. களுத்துறை மாவட்டத்தில் ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகத்தின் களநிலையம் உள்ள யகிரல காடு இருக்கிறது.

நகருக்குள்ளேயே ஈரநிலக் காடுகளும் உண்டு: 1990இல் சரணாலயமாக்கப்பட்ட பெல்லன்வில - அத்திடிய, கோட்டை பெத்தகான, தலவத்துகொட தியசரு பூங்கா. கொழும்பு 2018இல் ராம்சார் ஈரநில நகரமாக ஏற்கப்பட்டதற்கு இப்படிப்பட்ட இடங்கள்தான் காரணம். சிங்கராஜா 1988 முதல் உலக மரபுரிமைத் தலம், அங்கே பல பத்தாண்டுகளாக ஆய்வு நடக்கிறது. உங்கள் 10 துண்டுகள் (மரங்களை அளக்கக் கயிறு கட்டிப் பிரிக்கும் சதுரங்கள்) அங்கே பெரிதாக எதையும் சேர்க்கப் போவதில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை காலையில் போய் மாலையில் திரும்பக்கூடிய தூரத்தில் உள்ள, யாரும் அதிகம் அளக்காத காட்டைத் தெரிவுசெய்யுங்கள்.

யாரிட்ட அனுமதி கேக்கிறது? எல்லாம் ஒரே திணைக்களம்தானே?

இல்லை, பலர் இங்கேதான் ஒரு மாதத்தை வீணாக்குகிறார்கள். ஒதுக்கக் காடு என்றால் வனப் பாதுகாப்புத் திணைக்களம். சரணாலயம், தேசியப் பூங்கா என்றால் வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களம். இரண்டின் தலைமையகமும் பத்தரமுல்லையில் இருந்தாலும் அலுவலகமும் சட்டமும் வேறு: முன்னது 1907ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், பின்னது 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கத் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம். பெத்தகான நகர அபிவிருத்தி அதிகார சபையின் கீழும், தியசரு காணி அபிவிருத்திக் கூட்டுத்தாபனத்தின் கீழும் வரும். நீர்த்தேக்க வளாகத்துக்குள் கால் வைக்க வேண்டுமானால் நீர் வழங்கல் சபையிடமும் கேட்கவேண்டும்.

விண்ணப்பத்துடன் மேற்பார்வையாளரின் கடிதம், இரண்டு பக்க ஆய்வுத் திட்டம், வரைபடம், போகும் எல்லோருடைய பெயரும் அடையாள அட்டை இலக்கமும், திகதிகள் ஆகியவற்றை வையுங்கள். இலை, பூ, விதை, மண், பூச்சி எதையாவது எடுத்துவரப் போகிறீர்கள் என்றால் என்ன, எவ்வளவு என்று முதலிலேயே எழுதுங்கள். உள்ளே போகும் அனுமதி எதையும் எடுத்துவரும் அனுமதி ஆகாது. களநாளுக்கு இரண்டு மாதம் முன்னதாகக் கொடுப்பது பாதுகாப்பு. அனுமதி கிடைத்ததும் அந்தப் பகுதிக்குப் பொறுப்பான வன உத்தியோகத்தரை அழைத்து நாளைச் சொல்லுங்கள். பத்தரமுல்லையில் வைத்த கையெழுத்து காட்டு வாசலில் நிற்பவருக்குத் தானாகத் தெரியவராது.

தமிழ்ல எழுதினா ஏற்பாங்களா? சிங்களம் தெரியாட்டி என்ன செய்யிறது?

தமிழில் எழுத உங்களுக்கு உரிமை உண்டு. அரசியலமைப்பின் 16ஆவது திருத்தம் (1988) அதற்கு இடம் தருகிறது. ஆனால் கோப்பு விரைவாக நகரவேண்டுமானால் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ ஒரு பக்கச் சுருக்கம் சேருங்கள்.

களத்தில் நிலைமை வேறு. லபுகம, யகிரல பக்கத்துக் கிராமங்களில் பேச்சு முழுக்கச் சிங்களம்தான். குழுவில் ஒருவராவது சிங்களம் சரளமாகப் பேசவேண்டும். வழிகாட்ட வரும் ஐயாவுக்கு மரங்கள் தெரியும், பாதை தெரியும், எங்கே போகக்கூடாது என்பதும் தெரியும். அவர் சொல்வது அரைகுறையாக விளங்கினால் நேரம் மட்டுமல்ல, சில வேளை ஆளே ஆபத்தில் மாட்டலாம். கிராம உத்தியோகத்தரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள். தெரியாத இளைஞர்கள் நாடாவோடு காட்டுக்குள் நுழைவதைக் கண்டால், காணி அளக்கிறார்களோ என்று ஊர் பயப்படுவது நியாயம்தான்.

லீவு நாள்ல நாலு பேர் சும்மா போய் அளந்தா என்ன?

ஒதுக்கக் காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைவதே குற்றம். அப்படி எடுத்த தரவை ஆய்வறிக்கையிலும் போடமுடியாது, திணைக்களத்துக்கும் கொடுக்கமுடியாது. அடுத்த வருடம் விண்ணப்பிக்கும் தம்பி தங்கைகளுக்கும் கதவு மூடிவிடும்.

எந்த மாசம் போறது நல்லது?

ஈரவலயத்தில் ஆண்டுக்கு 2500 மில்லிமீற்றருக்கு மேல் மழை. துண்டு போட்டு அளக்க ஜனவரி நடுவிலிருந்து மார்ச் நடுவரை வசதி. மே, ஜூன் மாதங்களில் தென்மேல் பருவமழை. ஓடை ஒரு மணி நேரத்தில் இடுப்பளவு ஏறும், திரும்பும் வழி அடைபட்டுவிடும். மார்ச் பிற்பகுதி, ஏப்ரல், ஒக்டோபர், நவம்பரில் காலை வெயிலாகவும் பின்னேரம் இடிமின்னலாகவும் இருக்கும். அந்த மாதங்களில் விடிய ஆறரைக்குத் தொடங்கி ஒரு மணிக்குள் வேலையை முடித்து வெளியே வந்துவிடுங்கள்.

பையில என்னென்ன போடோணும்?

ஐந்து பேர் குழுவுக்கு: 30 மீற்றர் நாடா இரண்டு, தையல் நாடா இரண்டு, 50 மீற்றர் நைலோன் கயிறு ஒன்று, மூலை முளைகள் நான்கு, திசைகாட்டி, ஜிபிஎஸ் அல்லது நல்ல தொலைபேசி, மின்னேற்றி, அச்சிட்ட தரவுத் தாள்கள், கடின அட்டை, 2பி பென்சில்கள், ஆளுக்கொரு விசில், முதலுதவிப் பெட்டி, ஆளுக்கு இரண்டு லீற்றர் தண்ணீர். பேனா வேண்டாம், மழை பட்டால் மை கரைந்து ஒரு நாள் வேலை நீலக் கறையாகிவிடும்.

பஸ்ஸில் ஏறுமுன் ஒவ்வொரு தாளையும் படமெடுத்துக் குழுவுக்கு அனுப்புங்கள். தாள்கள் தொலைவது பெரும்பாலும் பஸ்ஸில்தான்.

அட்டைக்கு என்ன பூசுறது? பாம்பு கடிச்சா?

நெருக்கமாக நெய்த துணியில் தைத்த அட்டைக் காலுறையை முழங்கால்வரை இழுத்துக் காற்சட்டைக்கு மேலே கட்டினால் பாதிப் பிரச்சினை தீரும். காலுறையின் வெளிப்புறத்தில் சவர்க்காரத்தைக் காய்ந்தபடியே தேய்க்கலாம், சித்தாலேபவும் பூசலாம். கடித்த அட்டையைப் பிய்த்து இழுக்காமல் நகத்தால் வாய்ப்பக்கத்தை நெம்பி எடுங்கள். பூசிய காலை ஓடையில் கழுவாதீர்கள். சவர்க்காரமும் தைலமும் தவளைகளின் தோலைப் பாதிக்கும், அந்தத் தவளைகளில் பல இந்தத் தீவை விட்டால் வேறெங்கும் இல்லை.

இந்தக் காடுகளில் அதிகம் கவனிக்கவேண்டியது கோப்பி விரியன், சிங்களத்தில் குணகட்டுவா. காய்ந்த இலை நிறத்தில், இலைக்குள்ளேயே சுருண்டு கிடக்கும். நாற்று எண்ணக் குனிந்து கையால் இலையை ஒதுக்கும்போதுதான் பலருக்குக் கடிபடுகிறது. ஆகவே குச்சியால் ஒதுக்குங்கள். சின்னப் பாம்புதானே என்று விடக்கூடாது, அதன் நஞ்சு சிறுநீரகத்தைத் தாக்கலாம், இலங்கையில் பாவிக்கும் இந்திய எதிர்நஞ்சு அதற்கு வேலை செய்யாது. கடித்த இடத்தை வெட்டவோ, இறுக்கிக் கட்டவோ, அஸ்பிரின் கொடுக்கவோ வேண்டாம். மோதிரம், மணிக்கூட்டைக் கழற்றி, கையை அல்லது காலை அசையாமல் வைத்து, 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள். சமிக்ஞை கிடைக்கும் இடம் எது என்பதைக் காலையில் உள்ளே போகும்போதே குறித்துவையுங்கள்.

வயலோரம், ஓடை வழியாகப் போகவேண்டியிருந்தால் எலிக்காய்ச்சலுக்கான டொக்சிசைக்ளின் மாத்திரை பற்றிச் சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்தில் முன்கூட்டியே கேளுங்கள். திரும்பி வந்து ஒரு மாதத்துக்குள் காய்ச்சல் வந்தால், காட்டுக்குப் போனதை வைத்தியரிடம் முதல் வசனமாகச் சொல்லுங்கள்.

மிருகங்கள் இல்லாத பாதையா பாத்து நடந்தா போதும்தானே?

மிருகம் நடக்கும் பாதையில்தான் மனிதன் வைத்த ஆபத்து இருக்கிறது. காட்டுப்பன்றிக்கு வைக்கும் கட்டுத் துவக்கின் கம்பி முழங்கால் உயரத்துக்குக் கீழே பாதைக்குக் குறுக்காக ஓடும், மங்கிய வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாது. சுருக்குக் கம்பிகளும் அப்படித்தான். குறுகிய, சுத்தமாக மிதிபட்ட, ஆனால் தலைக்கு மேலே கிளை மூடிய தடம் என்றால் அது மிருகப் பாதை. வழிகாட்டி முன்னே, மற்றவர்கள் ஒருவர்பின் ஒருவராக. இருட்டோடு உள்ளே போகவும் வேண்டாம், இருட்டும்வரை நிற்கவும் வேண்டாம்.

10 மீற்றர் சதுரம் போடுறதில என்ன பெரிய வித்தை?

பார்க்கச் சுலபம், முதல் நாளில் பிழை வருவது இதில்தான். நான்கு பக்கமும் 10 மீற்றர் இருந்தாலும் மூலைகள் நேராக இல்லாவிட்டால் சாய்சதுரமாகிப் பரப்பு குறையும். இரண்டு மூலைவிட்டங்களையும் அளங்கள். ஒவ்வொன்றும் 14.14 மீற்றர் இருக்கவேண்டும், 20 சென்ரிமீற்றருக்கு மேல் வித்தியாசம் வந்தால் முளையை நகர்த்துங்கள்.

சரிவில் நாடாவைத் தரையோடு பிடித்தால் துண்டு சுருங்கிவிடும். வரைபடத்தில் 10 மீற்றர் வரவேண்டுமானால் 20 பாகைச் சரிவில் தரையோடு 10.64 மீற்றரும் 30 பாகையில் 11.55 மீற்றரும் அளக்கவேண்டும். சரிவுக் கோணத்தை ஒவ்வொரு துண்டுக்கும் எழுதுங்கள். எல்லைக் கயிறு மரத்தின் நடுவே போனால், அடிமரத்தின் மையம் எந்தப் பக்கம் என்று பாருங்கள், உள்ளே என்றால் சேர்க்கவேண்டும். 10க்கு 10இல் பெரிய மரங்கள், அதற்குள் 5க்கு 5இல் இளமரங்களும் புதர்களும், 1க்கு 1இல் நாற்றுகள். நாற்றுச் சதுரத்தை முதலில் எண்ணிவிடுங்கள், பிறகு எண்ணினால் உங்கள் சப்பாத்து மிதித்ததுபோக மிச்சத்தைத்தான் எண்ணுவீர்கள்.

துண்டு எங்கே விழவேண்டும் என்பதை வீட்டிலிருந்தே வரைபடத்தில் எழுந்தமானமாகத் தெரிவுசெய்யுங்கள். களத்தில் நின்று தெரிவுசெய்தால் கை தன்னாலே பாதையோரத்தையும் அழகான பெரிய மரத்தையும் தேடும்.

மரத்தை எந்த உயரத்தில அளக்கிறது? வேர் பலகை மாதிரி நிண்டா?

தரையிலிருந்து 1.3 மீற்றரில். சரிவில் என்றால் மேட்டுப் பக்கம் நின்று 1.3 மீற்றர். அந்த உயரத்தில் ஒரு தடியை வெட்டி வைத்திருங்கள், நெஞ்சளவு என்று கண்மதிப்பில் பிடித்தால் ஆளுக்காள் மாறும். பலகைவேர் 1.3 மீற்றரைத் தாண்டி ஏறினால் அது முடியும் இடத்திலிருந்து 50 சென்ரிமீற்றர் மேலே அளந்து, அளந்த உயரத்தைத் தாளில் எழுதுங்கள். முடிச்சு, வீக்கம் இருந்தாலும் அதே முறை. கொடி சுற்றியிருந்தால் நாடாவைக் கொடிக்கு அடியால் நுழையுங்கள், கொடியை வெட்டாதீர்கள்.

சுற்றளவா விட்டமா, எதை எழுதுறது?

தையல் நாடா தருவது சுற்றளவு. அதை அப்படியே சுற்றளவு நிரலில் எழுதி, விட்டத்தைக் கணினியில் எடுங்கள். சில துறைகளில் நேரடியாக விட்டம் காட்டும் நாடாவும் உண்டு. ஒரே குழுவில் இரண்டும் கலந்தால் தரவு முழுவதும் கெடும். 94 சென்ரிமீற்றர் சுற்றளவுள்ள மரத்தின் விட்டம் ஏறத்தாழ 30, அடிப்பரப்பு (அளந்த உயரத்தில் அடிமரத்தின் குறுக்குவெட்டுப் பரப்பு) 703 சதுர சென்ரிமீற்றர். அதே 94ஐ விட்டம் என்று போட்டால் அடிப்பரப்பு 6940 ஆகிவிடும், கிட்டத்தட்டப் பத்து மடங்கு. இப்படி ஐந்து மரத்தில் பிழை விட்டால் வெட்டிச் சிதைந்த காடும் தாளில் முதிர்ந்த காடாகத் தெரியும், அதை நம்பி யாராவது பாதுகாப்பைத் தளர்த்தவும் கூடும்.

10 செ.மீ. விட்டம் என்ற கீழெல்லை வைத்தால் நாடாவில் அது 31.4 செ.மீ.

ஊர் ஐயா சொன்ன பேரை அப்படியே எழுதலாமா?

எழுதுங்கள், ஆனால் அதோடு நிற்காதீர்கள். ஹோர என்றால் குழப்பமில்லை, அது டிப்டெரோகார்ப்பஸ் சைலானிக்கஸ். நா என்றால் 1986 முதல் தேசிய மரமாக உள்ள நாகமரம். ஆனால் துன் என்பது ஒரு மரமல்ல, தினிய துன், யக்கஹலு துன் என்று ஒரு கூட்டமே இருக்கிறது. அவற்றில் சில பரவலாக உண்டு, சில மிக அரிது. எல்லாவற்றையும் துன் என்று ஒரே வரியில் போட்டால் அரியது கண்ணில் படாமலே போகும்.

நிச்சயமில்லாத மரத்துக்கு இலக்கம் கொடுத்து, இலையின் மேற்புறம், அடிப்புறம், காம்பு, பட்டை, பட்டையை நகத்தால் கீறினால் வரும் பாலின் நிறம் எல்லாவற்றையும் படமாகவும் குறிப்பாகவும் எடுங்கள். அனுமதி இருந்தால் ஒரு கிளை நுனியைப் பத்திரிகைத் தாளில் அழுத்தி, தாளைத் தினமும் மாற்றி உலர்த்துங்கள். மாற்றாவிட்டால் ஈரவலயத்து ஈரப்பதத்தில் மூன்று நாளில் பூஞ்சை பிடிக்கும். அதைப் பேராதனைத் தேசிய உலர்தாவரகத்தில் ஒப்பிட்டுப் பார்க்கலாம். பெயர் உறுதியானதும் 2020இல் வெளியான தாவரங்களின் தேசியச் செம்பட்டியலில் அதன் நிலையைப் பாருங்கள்.

மரத்தில ஆணி அடிக்கிறது பாவமில்லையா? ரிப்பன் கட்டினா காணாதா?

ரிப்பன் ஒரு மழைக்காலம் தாங்காது, தாங்கினால் மரத்தை நெரிக்கும். அலுமினியத் தகட்டில் இலக்கம் பொறித்து, அலுமினிய ஆணியால், அளந்த இடத்துக்கு 30 சென்ரிமீற்றர் மேலே அடிப்பதுதான் வழக்கம். ஆணியில் 5 சென்ரிமீற்றர் வெளியே நிற்கட்டும், முழுக்க அடித்தால் மரம் பருத்துத் தகட்டை விழுங்கிவிடும். இரும்பாணி துருப்பிடிக்கும், வேண்டாம். இதற்கும் அனுமதிக் கடிதத்தில் தனி வரி வேண்டும். கிடைக்காவிட்டால் மூலை முளையிலிருந்து ஒவ்வொரு மரத்தின் தூரத்தையும் திசையையும் எழுதுங்கள்.

ஜிபிஎஸ்ஸை மட்டும் நம்பமுடியாது. அடர்ந்த விதானத்தின் கீழே அது 10 மீற்றர் சாதாரணமாகத் தவறும், அது உங்கள் துண்டின் முழு அகலம். எந்த ஆள்கூற்று முறை என்பதையும் எழுதுங்கள், இலங்கைத் தேசியக் கட்டமும் ஜிபிஎஸ் பாவிக்கும் உலகப் பொதுமுறையும் கலந்தால் புள்ளி வேறு இடத்தில் விழும்.

இதெல்லாம் அளவுதானே. மரம் நடுறதுதானே உண்மையான பாதுகாப்பு?

நல்ல காட்டுக்குள் மரம் நடவேண்டாம். அங்கே நிழலில் நாற்றுகள் ஏற்கெனவே காத்திருக்கின்றன. நீங்கள் தோண்டும் குழி அவற்றின் வேரை அறுக்கும், நாற்றுப் பையின் மண்ணோடு களையும் நோயும் உள்ளே வரும். நடவு தேவைப்படுவது சிதைந்த ஓரங்களில், கைவிட்ட தோட்டங்களில், கெக்கில்ல மூடிய வெளிகளில்.

கெக்கில்ல என்பது வெயிலான, சத்தற்ற நிலத்தைத் தடித்த பாயாக மூடும் பன்னம். விதை மண்ணைத் தொடவே விடாது, வறட்சியில் சட்டென்று தீப்பிடிக்கும். ஆனால் முழுவதையும் பிடுங்கினால் முதல் பருவமழையிலேயே சரிவு மண் கழுவிப்போகும். ஒரு மீற்றர் அகலக் கீற்றாகத் தரைமட்டத்தில் வெட்டி, வேரை மண்ணில் விட்டு, வெட்டியதை அங்கேயே பரப்புங்கள். கெந்த, கெடும்ப போன்ற வேகமாக வளர்பவை முதலில் நிழல் தரட்டும், பிறகு ஹோர, நா.

ஹோர, துன் விதைகளை நெல்போல உலர்த்திச் சேமிக்கமுடியாது, ஈரம் வற்றினால் முளைக்காது. விழுந்ததை ஈரச் சாக்கில் கொண்டுவந்து ஒரு வாரத்துக்குள் விதையுங்கள். நடுவதற்கு மே மழை தொடங்கியதும், அல்லது ஒக்டோபரில். நாற்றுமேடையின் நிழல்வலையைப் படிப்படியாகக் குறைக்காமல் நேராக வெயிலுக்குக் கொண்டுபோனால் இலை கருகும். கறுப்புப் பையைக் கிழித்து எடுத்து, அடியில் சுருண்ட வேரை நறுக்கி நடுங்கள். 3 மீற்றர் இடைவெளியில் ஒரு ஹெக்டயருக்கு 1111 கன்று வரும். அதில் கால்வாசியைத்தான் மூன்று வருடம் பராமரிக்க முடியுமென்றால் கால்வாசியை மட்டும் நடுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கன்றைச் சுற்றி ஒரு மீற்றர் வட்டத்தில் களை எடுக்க ஆள் வேண்டும். பெரும்பாலான கன்றுகளைக் கொல்வது வறட்சியல்ல, நடுகை விழா முடிந்த பிறகு யாரும் திரும்பி வராததுதான்.

200 நட்டம், 190 நிக்குது. 95 வீதம் எண்டு எழுதலாமா?

இடையில் செத்ததற்குப் பதில் புதிதாக நட்டீர்களா என்று பாருங்கள். 200இல் 50 செத்து, 40 புதிதாக நட்டு, இப்போது 190 நின்றால் முதல் நடவின் பிழைப்பு 75 வீதம். புதிய 40க்கும் வேறு நிறத் தடி ஊன்றி, வேறு திகதியில் கணக்கை ஆரம்பிக்கவேண்டும். செத்த கன்றின் தடியைப் பிடுங்காதீர்கள், எங்கே செத்தது என்பதில்தான் ஏன் செத்தது என்பது தெரியும்.

போன வருசத்தை விட இந்த வருசம் மரம் சின்னனா வருது. என்ன செய்யிறது?

அழித்து மாற்றி எழுதாதீர்கள். நாடா தளர்ந்தது, 1.3 மீற்றர் தவறியது, பட்டை உரிந்தது, சென்ற தடவை மழையில் பட்டை ஊதியிருந்தது என்று காரணங்கள் பல. நிழலில் நிற்கும் மரம் ஆண்டுக்கு ஒன்றிரண்டு மில்லிமீற்றர்தான் பருக்கலாம். விட்டத்தில் ஒரு மில்லிமீற்றர் என்றால் சுற்றளவில் மூன்று. நாடா தளர்ந்தாலே அவ்வளவும் போய்விடும். அதனால் ஒரே ஆண்டு இடைவெளியில் வளர்ச்சி வீதம் கணக்கிடாமல் இரண்டு, மூன்று ஆண்டு விடுங்கள். முதல் அளவின்போதே 1.3 மீற்றர் தடியைப் பாவித்திருந்தால் பாதிச் சிக்கல் வந்திருக்காது.

அபூர்வமான செடி கண்டா படத்தைப் போடலாமா?

படத்தைப் போடலாம், இடத்தைப் போடக்கூடாது. வல்லப்பட்டை, வெனிவெல், கோதல ஹிம்புட்டு, ஓர்க்கிட் வகைகளைத் தேடி வெட்டுபவர்கள் இருக்கிறார்கள். தொலைபேசிப் படத்துக்குள்ளேயே ஆள்கூறு பதிந்திருக்கும், அதை நீக்கிவிட்டுப் பகிருங்கள். உயிரினப் பதிவுகளைப் பகிரும் ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் இடத்தை மறைக்கும் தெரிவு உண்டு. ஆய்வறிக்கையின் பொதுப் பிரதியிலும் சரியான புள்ளியை எடுத்துவிடுங்கள், திணைக்களத்துக்குக் கொடுக்கும் பிரதியில் இருக்கட்டும்.

மரம் வெட்டுற ஆக்களக் கண்டா?

பேசவேண்டாம், படமெடுக்கவேண்டாம், வந்த வழியே அமைதியாகத் திரும்புங்கள். வெளியே வந்தபின் நேரம், இடம், கண்டது ஆகியவற்றை எழுதி மேற்பார்வையாளர் ஊடாகப் பொறுப்பு வன உத்தியோகத்தருக்குச் சொல்லுங்கள். அந்த ஊரிலிருந்து வந்த வழிகாட்டியின் பெயரை எங்கும் எழுதாதீர்கள். நீங்கள் கொழும்புக்குத் திரும்பிவிடுவீர்கள், அவர் அங்கேயே வாழவேண்டும். பழைய அடிக்கட்டைகள் என்றால் அதுவே தரவு: விட்டம், வெட்டு புதியதா பழையதா, பக்கத்தில் துளிர் இருக்கிறதா என்று துண்டுத் தாளிலேயே சேருங்கள்.

அறிக்கை குடுத்து முடிஞ்சுது. இனி காட்டுக்கு என்ன பிரயோசனம்?

80 பக்க ஆங்கில ஆய்வறிக்கை வன உத்தியோகத்தருக்குப் பயன்படாது. அவருக்குச் சிங்களத்தில் இரண்டு பக்கம் வேண்டும்: துண்டுகளைக் காட்டும் வரைபடம், எந்த ஓரத்தில் கட்டகலு போவிட்டியா போன்ற ஆக்கிரமிப்புச் செடி நுழைகிறது, எங்கே அடிக்கட்டைகள் அதிகம், எங்கே நாற்றே இல்லை. அதைப் பார்த்து அடுத்த மாதம் ரோந்தை எந்தப் பக்கம் போடுவது, எந்தக் கீற்றில் களை எடுப்பது என்று அவர் தீர்மானிக்கலாம். தபாலில் அனுப்பாமல் நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள், வழிகாட்டிய ஐயாவுக்கும் ஒரு பிரதி.

துறையில் வைக்கவேண்டியவை வேறு: மூலத் தாள்கள், மூலை முளைகளின் புள்ளிகள், தகட்டு இலக்கப் பட்டியல், ஒவ்வொரு மரத்தையும் அளந்த உயரம், அனுமதிக் கடிதத்தின் பிரதி. எல்லாம் ஒரே கோப்பில், துண்டுக்குப் போகும் வழியைச் சாதாரண வசனத்தில் எழுதிய ஒரு தாளோடு இருக்கட்டும். அந்தத் தாளை, அங்கே போயிராத ஒரு முதலாம் வருட மாணவரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். அவருக்கு எங்கே விளங்கவில்லையோ அங்கே திருத்தி எழுதுங்கள்.